பின்னி மில் கட்டுரைக்கு ஆதாரம் தேடிய கதை

கல்லூரியில் எங்களுக்கு எழுத்துப் பயிற்சி என்று ஒரு தாள் இருந்தது. செமஸ்டர் முடிவில் பத்துப் பக்கக் கட்டுரை ஒன்று கொடுக்க வேண்டும். தலைப்பு அவரவர் விருப்பம். எட்டு ஆதாரமாவது காட்ட வேண்டும், அதில் பாதியாவது அச்சில் வந்த புத்தகமாகவோ இதழாகவோ ஆவணமாகவோ இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. விக்கிப்பீடியாவைப் படித்துக்கொள்ளலாம், அடிக்குறிப்பில் போடக் கூடாது என்று மேம் முதல் நாளே சொல்லிவிட்டார். வகுப்பில் நிறையப் பேர் ‘சமூக ஊடகமும் இளைஞர்களும்’ பக்கம் ஒதுங்கினார்கள். நான் பின்னி மில் ஸ்டிரைக் என்று எழுதிக் கொடுத்தேன். பின்னி மில் என்பது வடசென்னை பெரம்பூரில் இருந்த பழைய துணி ஆலை. அம்மாவின் பெரியப்பா, ஓட்டேரியில் இருக்கிற தாத்தா, 1996ல் மில்லை மூடும் வரை அங்கே வேலை பார்த்தவர். மில் பேச்சு கேட்டே வளர்ந்த வீடு எங்களுடையது.

இப்போது ஜூனியர் பெண்கள் வாட்ஸ்அப்பில் ‘அக்கா, புக்கெல்லாம் எங்க கெடச்சுது?’ என்று கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் போடுவதற்கு மொத்தமாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வடசென்னையைப் பற்றி எழுத வேண்டுமானால் வடசென்னையை விட்டு வெளியே போயாக வேண்டும். மில் இங்கே, ஸ்டிரைக் நடந்தது இங்கே, துப்பாக்கிச் சூடு நடந்தது இங்கே. அதைப் பற்றிய காகிதமெல்லாம் எழும்பூரிலும் கோட்டூர்புரத்திலும் தரமணியிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகம் இருந்தது. தமிழ் படிக்கிறவர்கள் நடந்தே போய் வந்த இடம். அதுவும் இப்போது எழும்பூரில் கன்னிமாரா பொது நூலக வளாகத்துக்குப் போய்விட்டது. தண்டையார்பேட்டையில் வீடு, காலையில் கல்லூரி, சாயங்காலம் டியூஷன் எடுக்கிற பெண்ணுக்கு எழும்பூர் என்றாலே அரை நாள் போச்சு. அதனால் நான் வைத்துக்கொண்ட ஒரே சட்டம் இதுதான்: தேடுவதை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும், படிப்பதற்கு மட்டும்தான் நூலகத்துக்குப் போக வேண்டும். ‘போய்ப் பார்க்கலாம், ஏதாவது கிடைக்கும்’ என்று போனால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கூட்டத்தின் நடுவில் ஒரு நாற்காலி கிடைக்கும், அவ்வளவுதான்.

தேடுவதற்கு முன்னால் கேள்வியைச் சுருக்க வேண்டும். பின்னி மில் என்று தேடினால் கடல். 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது ஒரு கதை. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். பிறகு மில்லை நடத்திய பின்னி கம்பெனி ஐகோர்ட்டுக்குப் போய் சங்கத் தலைவர்களுக்குத் தடை உத்தரவு வாங்கியது இன்னொரு கதை. அந்தத் தடையால் எழுந்த பேச்சுதான் போய்ப் போய் 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் முடிந்தது. 1921ல் மாதக்கணக்கில் இழுத்த ஸ்டிரைக் மூன்றாவது. அதில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. 1996ல் மில்லை மூடியது நான்காவது. பத்துப் பக்கத்தில் நாலையும் எழுதினால் நாலுமே பள்ளிப் பாடப் புத்தகம் மாதிரி இருக்கும். 1921ஐ மட்டும் எடுத்துக்கொண்டேன். அதிலும், ‘அந்தச் சண்டையை யார் யார் எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்’ என்ற ஒரே கேள்வி. இப்படிச் சுருக்கியதும் தேட வேண்டிய ஆட்களின் பெயரே வரிசையாக வந்துவிட்டது: சங்கத்துக்காரர்கள், அரசாங்கம், ஆதிதிராவிடத் தலைவர்கள், பத்திரிகைகள், பின்னால் வந்த ஆய்வாளர்கள்.

கல்லூரி நூலகத்தில் புத்தகமாக எதுவும் தேறவில்லை. வரலாற்றுப் பிரிவு என்பது பூட்டிய கண்ணாடி பீரோ ஒன்று, சாவி யாரிடம் என்பது பெரிய ரகசியம். ஆனால் அங்கிருந்த நூலகர் சார் ஒரு நல்ல காரியம் செய்தார். என்-லிஸ்ட் என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த கல்லூரிகளின் மாணவர்கள் மின்னிதழ்களையும் மின்னூல்களையும் இலவசமாகப் படிக்கலாம். கணக்கு கல்லூரி நூலகர் மூலமாகத்தான் கிடைக்கும். கேட்டவர்கள் குறைவு போலிருக்கிறது, என்னைப் பார்த்து அவருக்கே சந்தோஷம். உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று முதல் வாரமே போய்க் கேளுங்கள், கடைசி வாரம் கேட்டால் பாஸ்வேர்டு வருவதற்குள் கட்டுரைத் தேதி தாண்டிவிடும். இல்லாவிட்டால் ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்தில் சொந்தமாக இலவசக் கணக்கு தொடங்கலாம். கட்டுரைகளைத் தரவிறக்க முடியாது, திரையில் படிக்கலாம், மாதம் நூறு வரை. இபிடபிள்யூ, அதாவது ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ என்ற ஆங்கில வார இதழின் பழைய இதழ்கள் அதில் இருக்கின்றன. தொழிலாளர், சாதி, நகரம் என்று எதை எழுதினாலும் அங்கே ஒன்றிரண்டாவது சிக்கும்.

என் தோழி ஒருத்தி சாட்பாட்டிடம் கேட்டு ஒரு புத்தகப் பட்டியல் வாங்கி வந்தாள். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் அச்சு மாதிரி இருந்தது. நூலகத்தில் சார் கணினியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஆசிரியர் நிஜம், அந்தப் பெயரில் அவர் புத்தகம் எழுதவில்லை. அடுத்ததில் புத்தகம் நிஜம், ஆனால் வேறொருவர் எழுதியது. “யாரும்மா குடுத்தது இது?” என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். சாட்பாட்டிடம் கேட்பதே தப்பு என்று சொல்லவில்லை. எந்தக் கோணத்தில் தேடலாம் என்று கேட்டுக்கொள்ளலாம். புத்தகத்தின் பெயரை மட்டும் ஏதாவது ஒரு நூலகப் பட்டியலில் கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள்.

எனக்குக் கதவு திறந்தது சோத்கங்காவில். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைப் போட்டு வைத்திருக்கிற தளம் அது. ஆய்வேட்டை இயல் இயலாகப் பிரித்துத்தான் ஏற்றியிருப்பார்கள். எல்லோரும் முதல் இயலைத் திறக்கிறார்கள். நீங்கள் கடைசிக் கோப்பைத் திறங்கள். அது நூற்பட்டியல். ஒருவர் நாலைந்து வருடம் அலைந்து சேர்த்த பட்டியல் நமக்குச் சும்மா கிடைக்கிறது. எந்த அரசாணை, எந்த ஆண்டுச் சட்டமன்ற நடவடிக்கை, எந்தப் பத்திரிகை, அது எந்த நூலகத்தில் இருக்கிறது என்பது வரை சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆய்வேட்டின் தரம் முன்னே பின்னே இருக்கலாம். ஒரே பத்தி இரண்டு ஆய்வேட்டில் வார்த்தை மாறாமல் வந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் கருத்தை அங்கிருந்து எடுக்கவில்லை, வழியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

புத்தகங்களுக்கும் இதேதான். சென்னைத் தொழிலாளர் வரலாற்றுக்கு டி. வீரராகவன் எழுதிய ‘தி மேக்கிங் ஆஃப் தி மெட்ராஸ் ஒர்க்கிங் கிளாஸ்’ என்ற புத்தகம் இருக்கிறது, 2013ல் வந்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்தவர், கண் பார்வை இல்லாதவர். புத்தகம் அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. 1921 பற்றிய பகுதியை முதலில் படித்தேன். அடுத்து அந்தப் பகுதிக்கான குறிப்புகளை மட்டும் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். ஒரு வரிக்கு எங்கிருந்து ஆதாரம் எடுத்திருக்கிறார் என்று பார்க்கப் பார்க்கத்தான் அரசாங்க அறிக்கை என்றால் என்ன, பத்திரிகைச் சுருக்கம் என்றால் என்ன என்பதே புரிந்தது. ஈமன் மர்ஃபி 1977ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையும் இந்த வழியில்தான் தெரியவந்தது. அது காசு கொடுத்துப் படிக்கிற இதழ். பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கிற எதிர் வீட்டு அக்கா அவர்கள் நூலகத்தில் படித்துக் குறிப்பெடுக்க உதவினார். இப்படி ஒரு அக்கா எல்லார் தெருவிலும் இருப்பார், விசாரித்துப் பாருங்கள்.

அப்புறம் பெயர்த் தொல்லை. நாம் பின்னி மில் என்போம். பட்டியலில் பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக் மில்ஸ் என்றோ, சுருக்கி பி அண்ட் சி என்றோ இருக்கும். புளியந்தோப்பு, பெரம்பூர் எல்லாம் அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் கிடைத்த எழுத்துக்கூட்டலையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எண்ணாலும் தேடலாம். நூலகங்களில் பொருள்வாரியாகப் புத்தகத்துக்கு எண் கொடுக்கிற டூயி பகுப்பு முறையில் 331 என்றால் தொழிலாளர் சம்பந்தப்பட்டது. ஒரு நல்ல புத்தகத்தின் எண் கிடைத்துவிட்டால் அதே எண்ணில் இருக்கிற மற்ற புத்தகங்களையும் பட்டியலில் பார்த்துவிட வேண்டும். பாதிப் புத்தகங்களின் தலைப்பில் நாம் தேடும் சொல்லே இருக்காது.

தமிழ்ப் புத்தகங்களுக்கு எங்கும் போகும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பார்த்துவிடுங்கள். நாட்டுடைமை ஆன நூல்கள், பழைய இதழ்கள் நிறைய இருக்கின்றன. திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ இணையத்திலேயே கிடைத்துவிட்டது. வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தே தொழிலாளர் இயக்கம் பற்றிய பகுதியைப் படித்து முடித்தேன். எழும்பூர்ப் பயணம் ஒன்று மிச்சம்.

இனி கன்னிமாரா. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்தது எழும்பூர், அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்துவிடலாம். 1896ல் திறந்த நூலகம். இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வந்து சேர வேண்டும் என்று 1954 சட்டம் சொல்கிற நாலு நூலகங்களில் இது ஒன்று. சட்டத்தைப் பதிப்பகங்கள் எல்லாம் மதிக்கிறார்களா என்பது வேறு பேச்சு. பின்னால் பத்திரிகைகளையும் அந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள். ஆகவே 1996 மூடல் மாதிரி கிட்டத்து விஷயம் எழுதுகிறவர்கள் பழைய நாளிதழ்களுக்கு முதலில் இங்கேதான் கேட்க வேண்டும்.

நான் கேட்டது 1921 சென்னைச் சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதி. சில துறைகளை மட்டும் இந்திய அமைச்சர்களிடம் விட்டு மற்றதை ஆங்கிலேயரே வைத்துக்கொண்ட இரட்டை ஆட்சியின் முதல் சட்டமன்றம் அந்த வருடம் ஜனவரியில்தான் கூடியது, அதே வருடம் ஸ்டிரைக். பழைய புத்தகங்களை நாமே அலமாரியில் போய் எடுக்க முடியாது. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். மேசையில் இருந்த மேடம் என் சீட்டைப் பார்த்துவிட்டு, “தொகுதி நம்பரோட வந்திருக்கியே, யாரு அனுப்புனாங்க?” என்றார். கட்டுரைக்காக என்றேன். “பொதுவா ‘சுதந்திரப் போராட்டம் பத்தி ஏதாவது குடுங்க’ன்னு வருவாங்க. நான் எதைக் குடுக்கறது?” கொஞ்ச நேரத்தில் தொகுதி வந்தது. முதுகுத் தோல் உரிந்து நூல் தெரிந்தது. பக்கத்தைப் புரட்டினால் ஓரம் அப்பளம் மாதிரி உடைகிறது, மேசையில் பழுப்புத் தூள். மேடம் தூரத்திலிருந்தே, “கீழ்முனையைப் புடிச்சுத் திருப்பாதம்மா, நடுவுல கை வெச்சுத் திருப்பு” என்றார். முதலில் பின்னால் இருந்த பொருளடைவைப் பார்த்தேன். பேசியவர் பெயர் வாரியாகவும் பொருள் வாரியாகவும் இருந்தது. வேண்டிய பக்க எண்களை மட்டும் எழுதிக்கொண்டு அங்கே மட்டும் திறந்தேன். புத்தகமும் பிழைத்தது, மத்தியானமும் மிஞ்சியது.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் வேறு சுகம். 2010ல் திறந்தது, அலமாரியில் நாமே தேடலாம், ஏசி. புதிய ஆங்கிலப் புத்தகங்களுக்கு அங்கே போங்கள், 1921க்கு வேண்டாம். கடற்கரை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரத்தில் இறங்கலாம். அதே பாதையில் இன்னும் தள்ளிப் போனால் தரமணி, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியாளாகச் சேர்த்த சுமார் ஒரு லட்சம் புத்தகம், இதழ்களிலிருந்து தொடங்கியது அது. பழைய தமிழ் இதழ், துண்டு வெளியீடு வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு ஈடில்லை. அவர்கள் பட்டியலை இணையத்திலேயே பார்க்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போவது நல்லது.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அரசாணைகளும், அந்தக் காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளில் என்ன வந்தது என்று வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கி அரசாங்கம் வைத்துக்கொண்ட அறிக்கைகளும் அங்கே இருக்கின்றன. மூலப் பத்திரிகையே கிடைக்காதபோது அந்தச் சுருக்கம்தான் கதி, ஆனால் மொழிபெயர்த்தவர் சர்க்கார் ஆள் என்பதை மறந்துவிடக் கூடாது. உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும், கல்லூரிக் கடிதம் வேண்டும். பட்டப்படிப்புக் கட்டுரைக்கு அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதுதான் என் பதில். அங்கிருப்பதை வீரராகவன் மாதிரி ஆட்கள் படித்து எழுதியிருக்கிறார்கள். அவர்களை வைத்தே எழுதி, ‘இன்னார் காட்டியபடி’ என்று ஒளிக்காமல் சொல்லிவிடலாம். தானே ஆவணத்தைப் பார்த்த மாதிரி அடிக்குறிப்பு போடுவதுதான் அசிங்கம்.

கையில் வந்ததையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் கட்டுரை உருவானது. திரு.வி.க. சங்கத்திலேயே இருந்தவர், நேரில் பார்த்தவர். அதுவே அவருடைய பலம், அதுவே அவருடைய பக்கம். ஆதிதிராவிடர்கள் தரப்பைச் சட்டமன்றத்திலும் வெளியிலும் பேசிய எம்.சி. ராஜாவைப் படித்தால், வீடு எரிந்தவன் ஏன் சங்கத்தை நம்ப வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. அரசாங்கம் எழுதினால் எல்லாம் ‘சட்டம் ஒழுங்கு’. மூன்றும் ஒரே புளியந்தோப்பைத்தான் சொல்கின்றன. ஒன்றை மட்டும் படித்தவர்கள் எழுதுகிற கட்டுரையை மேம் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார். எட்டு ஆதாரம் என்ற கணக்கை நிரப்ப ஒரே பக்கத்து ஆட்கள் எட்டுப் பேரைப் பிடித்துப் பயனில்லை. ஒத்துப்போகாத மூன்று பேர் இருந்தால் பத்துப் பக்கம் தானாக நிரம்பும்.

குறிப்பெடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக. புத்தகத்தைத் திறந்த உடனே தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், படம் எடுக்க அனுமதி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பகம், ஊர், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். மேற்கோள் எழுதும்போதே பக்க எண்ணையும் எழுத வேண்டும். ஆசிரியரின் வார்த்தையை அப்படியே எடுத்தால் நீல மை, என் வார்த்தையில் எழுதினால் கறுப்பு மை. மாதம் கழித்துப் பார்க்கும்போது எது யாருடையது என்ற குழப்பம் வராது. அனுமதி கேட்காமல் போனை நீட்டாதீர்கள், ஒருத்தர் நீட்டினால் அடுத்து வருகிற எல்லோருக்கும் கெடுபிடி.

எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தையும் விட்டுவிடக் கூடாது. சொத்து வரியோடு சேர்த்து நாம் கட்டுகிற நூலக வரியில் நடப்பது அது, 1948 சட்டத்தில் வந்த ஏற்பாடு. ஆய்வுப் புத்தகம் கிடைக்காதுதான். காலையில் பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள் கிடைப்பார்கள். நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்ட ஒருவர்தான், “பழைய சங்கத்து ஆளுங்க வீட்ல மலர் கிலர் இருக்கும், கேட்டுப் பாரு” என்றார். எந்தப் பட்டியலிலும் வராத வகை அது: ஆண்டு விழா மலர், நோட்டீஸ், சந்தா ரசீது.

ஓட்டேரித் தாத்தாவிடம் போய்க் கேட்டேன். 1921 பற்றிக் கேட்டதும் சிரித்தார். “இருவத்தொண்ணுல நான் எங்கம்மா இருந்தேன்? எங்கப்பாரே அப்பத்தான் பொறந்திருப்பாரு.” அவர் சொன்னதெல்லாம் கடைசிக் காலத்து மில், லே-ஆஃப், நின்றுபோன சம்பளம். அது வேறு கட்டுரைக்கு ஆதாரம், 1921க்கு இல்லை, அதனால் உள்ளே சேர்க்கவில்லை. ஆனால் பேச்சு முடிந்து கிளம்பும்போது டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சங்க மலரை எடுத்தார். அட்டை கிடையாது, முன்பக்கங்கள் சில கிடையாது, ஆண்டு எங்கேயும் இல்லை. உள்ளே பழைய தலைவர்கள் படத்தோடு 1921 பற்றி ஒரு கட்டுரை, எழுதியவர் பெயர் கிழிந்த பக்கத்தோடு போய்விட்டது. விளம்பரங்களில் ஆறு இலக்க போன் நம்பர், ஊர் பெயர் மெட்ராஸ். அதற்குமேல் காலத்தை நெருக்க முடியவில்லை.

மலரை வீட்டை விட்டு வெளியே விட தாத்தா சம்மதிக்கவில்லை. வாசற்படி வெளிச்சத்தில் வைத்து, அவரே பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, போனில் எடுத்தேன். இதை எப்படிப் பட்டியலில் போடுவது என்று மேமிடம் படங்களைக் காட்டிக் கேட்டேன். ஆசிரியர் பெயர் இல்லை, தலைப்பு கட்டுரையின் மேலே இருக்கிறபடி, தொழிற்சங்க மலர், சென்னை, ஆண்டு இல்லை, அட்டையும் முன்பக்கங்களும் இல்லாத பிரதி, தனியார் சேகரிப்பு, ஓட்டேரி, பார்த்த தேதி இன்னது என்று எழுதச் சொன்னார். தாத்தா பெயரைப் போடுவதென்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடு என்றார். கேட்டேன். வேண்டாம் என்றார், போடவில்லை.